சாரல் விழுந்தால் தோற்கும் ஏட்டையா

“இவன் களவாணி. குதிரைய எடுத்த வேகத்தப் பாத்தியளா, பாய்” என்று செல்போனை மேசையில் மல்லாக்கப் போட்டுவிட்டு, குற்றாலீஸ்வரன் புகார் எழுத உட்கார்ந்துவிடுகிறார். ஐந்தருவி போகிற சாலையில், ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் இது அன்றாடம் நடக்கிறது. எதிரில் ஆடியவன் பிரேசில்காரனோ பீகார்காரனோ, அவரை ஜெயித்துவிட்டால் அவன் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் காய் நகர்த்தியிருக்க வேண்டும். இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் பழுப்பு ஷூவும் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. இப்போது லாட்ஜ் மேனேஜர். ஆன்லைன் செஸ் தளத்துக்கு அவர் அனுப்பும் புகார்களில் ஸ்டேஷன் வாடை வீசும். ‘மேற்படி நபர் தனது குதிரையைச் சந்தேகத்துக்கு இடமான முறையில் நகர்த்தி, எனது ராணியைக் கைப்பற்றித் தலைமறைவாகிவிட்டார்.’ அதை எந்த ஊர்க்காரர் எப்படிப் படித்துப் புரிந்துகொள்கிறாரோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆட்டம் தொடங்கியதும் எதிராளியிடம் அப்பா பெயரும் சொந்த ஊரும் கேட்பார். பலர் பதில் சொல்லாமல் ஓடிவிடுகிறார்கள். அதுவே குற்றத்துக்குச் சாட்சி என்பது அவர் கட்சி.

ஆனால் அவர் தனியாக ஆடி யாரும் பார்த்ததில்லை. இடது தோளுக்கு மேல் சிப்ஸ் கடை கிதிர் முகம்மது எட்டிப் பார்ப்பார். வலது பக்கம், மெயினருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் பெஞ்சமின். பாய்க்கு எதையாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெஞ்சமின் ஆற அமர யோசிப்பவன், ராஜாவைச் சுற்றி வேலி போட்ட பிறகுதான் மற்றதைப் பேசுவான். இருவரும் விரலை நீட்டி நீட்டி வழி காட்டியதில் போன் திரையில் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மாறி மாறிப் பூசியிருக்கும். மூவரும் சேர்ந்து டென்மார்க்கில் இருக்கிற ஒரு பாவப்பட்ட மனிதனை மடக்கிவிட்டால், ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டு டீ சொல்லி அனுப்புவார்.

இது கள்ள ஆட்டம் என்று அவர் மனதில் ஒரு நாளும் பட்டதில்லை. கம்ப்யூட்டரைக் கேட்பது களவு. பக்கத்தில் நிற்கிற மனுஷன் வாய்விட்டுச் சொல்வது பழக்க வழக்கம். இழவு வீட்டில்கூட நாலு பேர் யோசனை சொல்லாமல் இருப்பதில்லை, சீட்டாட்டத்தில் சொல்வதில்லையா, கேரம் போர்டில் சொல்வதில்லையா என்று கேட்பார்.

சங்கடம் எல்லாம் சாரல் விழுந்த பிறகுதான். அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால் பெஞ்சமினுக்கு முதுகுகள் வரிசையில் நிற்கும். பாய் வாணலியை விட்டு நகர முடியாது. ஏட்டையா ஒற்றை ஆளாக உட்கார்ந்து, அறை கேட்டு வருகிறவர்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே யானையையும் குதிரையையும் கோட்டை விடுவார். சீசன் முடிந்து ஊர் காய்ந்ததும் அவர் ரேட்டிங் மறுபடி ஏறும்.

இதைக் கண்டுபிடித்தவர், ஒரு காலத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வம். ஓய்வு பெற்ற போலீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டு உடைத்துவிட்டார். ‘குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஏட்டின் ரேட்டிங்கும் விழுகிறது. அருவி காய்ந்தால் ஏட்டு புலியாகிவிடுகிறார். சீசன் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறார்.’ தளத்துக்கும் புகார் போனது. அங்கிருந்து வந்த எச்சரிக்கையை மகள் அனுசியாதான் படித்துச் சொன்னாள்.

“எப்பா, கம்ப்யூட்டர் மட்டும் இல்ல. பக்கத்துல நிக்கவங்க சொல்லுததும் தப்பாம். இன்னொருக்க புகார் வந்தா கணக்க மூடிருவாங்களாம்.”

ஏட்டையா அதை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். காக்கி போட்ட காலத்தில் ஒருவரும் அவரைக் களவாணி என்று சொன்னதில்லை. மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். வீடியோவில் பார்த்துக்கொண்டே ஒரு ஆட்டம் ஆடலாம், பக்கத்தில் ஒரு குருவிகூட இருக்காது என்றார். ஏட்டையா ஜெயித்தால் இன்ஸ்பெக்டர் குரூப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தோற்றால், ‘நான் களவாண்டுதான் ஜெயித்தேன்’ என்று ஏட்டையா தன் கையால் அதே குரூப்பில் எழுத வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் ஆட்டம். பாயையும் பெஞ்சமினையும் வெளியே அனுப்பி, கண்ணாடிக் கதவைத் தாழிட்டார். லாட்ஜ் போனில் இன்ஸ்பெக்டர் முகம் தெரிய, அதை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டார். தன் போன் மேசையில் கிடந்தது. மேசை கதவை ஒட்டியே இருந்ததால் வெளியே போன இருவரும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்ப்பதற்குச் சட்டம் உண்டா என்ன?

தனி ஆளாக அவர் இவ்வளவு நன்றாக ஆடுவார் என்று அவருக்கே தெரியாது. ஒரு குதிரையை அடித்தார். இன்ஸ்பெக்டர் ஐயாவின் முகம் சுருங்கியது. குரூப்பில் வரப்போகிற மன்னிப்பை ஏட்டையா மனதுக்குள் இரண்டு தரம் படித்தும் பார்த்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் ஓரத்தில் ஒரு சிப்பாய் சும்மா கிடப்பது கண்ணில் பட்டது. யானையால் அதை வெட்ட விரலைக் கொண்டுபோனார்.

கண்ணாடிக்கு வெளியே பெஞ்சமின் தலையில் அடித்துக்கொண்டான்.

விரல் அந்தரத்தில் நின்றது. ஏட்டையா மறுபடி கட்டங்களைப் பார்த்தார். யானை நகர்ந்தால் ராஜாவுக்குக் காவல் இல்லை. ஐயாவின் ராணி நேரே உள்ளே இறங்கி ஆட்டத்தை முடித்துவிடும். யானையை விட்டுவிட்டு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் போதும், அதன் பிறகு ஜெயிப்பது அவர்தான். பெஞ்சமின் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் யானையைத்தான் நகர்த்தியிருப்போம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்தச் சிப்பாயைத் தள்ள அவருக்கு எவ்வளவு ஆசை என்று அந்த முகத்தைப் பார்த்திருந்தால் தெரியும்.

“என்ன ஏட்டு, ரொம்ப யோசிக்கீரு?” என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குக் கதவும் தெரியவில்லை, பெஞ்சமினும் தெரியவில்லை.

“ஒண்ணுமில்ல ஐயா.”

வெளியே பாயும் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தார். ஏட்டையா அந்தப் பக்கம் திரும்பாமல், யானையை மெல்ல இழுத்துக்கொண்டுபோய் அந்த ஓரத்துச் சிப்பாயை வெட்டினார்.