மைக் கொளஞ்சியப்பனின் மூக்கு

எலவனாசூர்கோட்டையில் கொளஞ்சியப்பனின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். குரல் தெரியாதவர்கள் கிடையாது. கள்ளக்குறிச்சி டாக்கீஸில் புதுப்படமா, கல்வராயன் மலையடிவாரத்தில் சந்தையா, சவுண்டு சர்வீஸ்காரர் ராஜாங்கத்தின் ஜீப்பில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவர்தான் கிளம்புவார். "வயலில் நிற்பவர்களே, வரப்பில் நடப்பவர்களே" என்றுதான் ஆரம்பம். மூக்கடைத்த குரல். நாலு வார்த்தைக்கு ஒருதரம் நின்று வாயால் மூச்சை இழுப்பார். அந்த இழுப்பும் ஸ்பீக்கரில் கேட்கும்.

பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டும். அவருக்குக் கோபமே வராது. "நம்மள மாதிரி பேசணும்னா ஊரே மூக்கப் புடிக்க வேண்டியிருக்குது, பாத்தியா?" என்று மீசையைத் தடவிக்கொள்வார். இடஒதுக்கீடு கேட்டு ரயில் மறியல் நடந்தபோது ஊர் ஊராய்ப் போய் ஆள் திரட்டியதும் அந்தக் குரல்தான்.

ஆனால் அந்த மூக்கு படுத்திய பாடு மனைவி தைலம்மாளுக்குத்தான் தெரியும். படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் குழம்பு தீய்ந்தாலும் வாசனை தெரியாது. கள்ளக்குறிச்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் சதை வளந்திருக்குது. மெட்ராஸ்ல புதுசா ஒரு ஆபரேஷன் வந்திருக்குது. மூக்கு ஓட்டை வழியாவே மெல்லிசா குழாய் விட்டு, உள்ள பாத்துக்கினே எடுத்துடறாங்க. வெளியில ஒரு கீறல் இருக்காது. குரல் மட்டும் மாறும்."

அந்தக் கடைசி வார்த்தையில் மனிதர் எழுந்து வந்துவிட்டார். "மூச்சு முட்டிச் செத்தாலும் கொளஞ்சியப்பனாவே சாவறேன்" என்று வீம்பு. தைலம்மாள் ஒரே போடாகப் போட்டாள்: "நீங்க போயிட்டீங்கன்னா குரல வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

போனார். ஆபரேஷன் முடிந்து மூக்கில் திணித்திருந்த துணித்திரியை உருவியதும் இரண்டு பக்கமும் காற்று ஜில்லென்று ஏறியது. இத்தனை வயதுக்கு மேல் அவர் குழந்தையாட்டம் அழுதார். திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாசனைக்காகவே கொஞ்சநேரம் நின்றாராம்.

ஊருக்கு வந்து மைக்கைப் பிடித்தால், குரல் கணீரென்று வந்தது. ஊர் என்ன சொன்னது? "ராஜாங்கம் வெளியூர் ஆள வெச்சுட்டாரு போலருக்குது." தைலம்மாளே, "யாரோ ரேடியோவுல பேசறாப்புல இருக்குதுங்க" என்றாள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் அதே இடஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் வந்தது. மறியல்காரர்கள் மரங்களை வெட்டி ரோட்டில் சாய்ப்பதற்கு முன்பே ஆள் பிடிக்க வெளியூர் போலீஸ் வந்து இறங்கியது. நேரே ராஜாங்கத்தின் சவுண்டு சர்வீஸ் கடைக்கு வந்தார் இன்ஸ்பெக்டர்.

"ரயில் மறியலுக்கு மூக்கால கூப்பிட்டானே, எவன் அவன்?"

ராஜாங்கத்துக்கு அன்றைக்கென்று பார்த்து நல்ல சளி. "எனக்குத் தெரியாதுங்க சார்" என்று அவர் மூக்கடைத்துச் சொன்னதுதான் தாமதம், "கெடச்சிட்டான்!" என்று தோளில் கை விழுந்தது.

கடையோரம் நின்றிருந்த கொளஞ்சியப்பன் முன்னால் வந்தார். "சார், அவரு ஸ்பீக்கர் வாடகைக்கு வுடறவரு. கூப்பிட்டது நானு."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "உன் குரல் இன்னா, அவன் குரல் இன்னா? போய்யா!"

போயிருக்கலாம். ராஜாங்கமே கண்ணைக் காட்டினார். ஆனால் ஊரே வேறு ஆள் என்று சொன்ன குரலைப் போலீஸும் அவருடையது இல்லை என்றால் மனுஷன் எங்கே போவான்? பாய்ந்து மைக்கை எடுத்துவிட்டார்.

"வயலில் நிற்பவர்களே வரப்பில் நடப்பவர்களே ரயில் மறியலுக்கு உங்களைக் கூப்பிட்ட கொளஞ்சியப்பன் பேசுகிறேன் அந்தக் குற்றத்துக்கு என்னைத்தான் பிடிக்க வேண்டுமே தவிர சளிபிடித்த ராஜாங்கத்தை அல்ல என்பதை இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு வந்து சொல்லுங்கள்!"

நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒரே மூச்சு. பழைய மூக்கில் இது நடந்திருக்குமா?

தெருவே திரண்டு வந்தது. எல்லோருக்கும் முன்னால் மாவுக்கையோடு ஓடிவந்தவள் தைலம்மாள். அழுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"அவருதான் சார்!" என்றாள் இன்ஸ்பெக்டரிடம், தலையை நிமிர்த்தி. "எங்க வூட்டுக்காரரு குரலு. நல்லா கேட்டுக்குங்க!"