இரண்டு குமிழ் வைத்த பவர் சப்ளை

வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டியவை இரண்டு குமிழ்கள்.

எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த நாங்கள் ஆறேழு பேர். வேண்டிய வோல்ட்டைத் திருகி எடுத்துக்கொள்ளும் பவர் சப்ளை ஆளுக்கொன்று செய்துகொள்வதாக முடிவானது. நான் ஒன்றை வடிவமைத்தேன். ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் பள்ளித் தோழன் ஒன்றை வடிவமைத்தான். எது தேறுகிறதோ அதையே எல்லோரும் செய்வதென்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை வாலிகண்டபுரத்தில் என் வீட்டில் கூடினோம். அவன் துண்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாம்பல் நிற முகப்பு, அளந்து வெட்டிய துளைகள். வோல்ட்டை ஏற்றி இறக்க ஒரு குமிழ், நுணுக்கமாகச் சரிசெய்ய இன்னொன்று. என்னுடையதோ பழைய டிவிடி பிளேயர் கூடு. இருக்கும் ஒரே குமிழும் விரல் பட்டாலே தாவும்.

"வெண்ணெ மாதிரி திரும்புதுடா!" என்று ஆளாளுக்கு அவனுடையதைத் திருகினார்கள். என்னுடையதை யாரும் சீண்டவில்லை. அவனுடையது புகைந்து போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பைக் ஹெட்லைட் பல்பு இரண்டை வரிசையாக இணைத்து, முதலில் அவன் பெட்டியில் மாட்டி, இருபத்துநான்கு வோல்ட் வைத்தோம். பளிச்சென்று எரிந்தது. அந்த நேரம் பார்த்து வயல்களுக்கு மும்முனை மின்சாரம் வந்தது. பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியதும் எங்கள் வீட்டு ஃபேன் வழக்கம்போல் தளர்ந்தது. அவன் பெட்டியின் மீட்டரில் எண் இருபதுக்கு இறங்கி, பல்புகள் மங்கின.

"என்னடா இது, எங்கூட்டுல நல்லாத்தான இருந்துச்சு?"

ஆலைக் குடியிருப்பில் கரண்ட் ஆடாது. அங்கேயே வைத்துச் செய்துவிட்டான். நான் இந்தக் கரண்டோடு குடித்தனம் நடத்துபவன். கரண்ட் இறங்கினாலும் வோல்ட் போதுமான அளவு கிடைக்க, டிரான்ஸ்ஃபார்மரில் கூடுதலாகச் சில சுற்றுகள் போட்டு வாங்கியிருந்தேன். என் பெட்டியை மாட்டினேன். இருபத்துநான்கு அசையவில்லை.

அவன் முகம் வாடுவதைப் பார்க்க ஆசையோடு திரும்பினேன். அவன் சிரித்தான்.

"ஜெயிச்சிட்ட, போ. உள்ள உன்னுது இருக்கட்டும். முகப்பு மட்டும் என்னுத வச்சிக்கலாமாடா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

இப்போது எங்கள் எல்லோர் மேசையிலும் அந்தப் பெட்டிதான். வருகிறவர்கள் கை நேரே குமிழுக்குத்தான் போகிறது. "யாரு செஞ்சதுங்க? எவ்ளோ நைசா திரும்புது!" என்பார்கள். வேறு வழியில்லாமல் அவன் பெயரைச் சொல்வேன். ஆள் போனதும் மூடியைக் கழற்றி, என் டிரான்ஸ்ஃபார்மரை நான் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.