செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

எங்கள் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் அக்காவுக்கு ஆசிரியைகள் வைத்திருக்கும் பெயர் நோண்டி. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் எங்கள் அறைக்குள் வந்து, "இந்தப் பேர யாரு வெச்சது? முதல்ல யாரு கூப்பிட்டது?" என்று அரைமணி நேரம் விசாரித்துவிட்டுப் போனார். வைத்தவள் நான்தான். சாயங்காலத்துக்குள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. பின்னால் இரும்பு பீரோ, முன்னால் சேர்க்கைப் படிவங்கள், கைக்கெட்டும் தூரத்தில் தொலைபேசி. தண்ணீர் கேன் போட வருகிறவரின் கட்டைவிரலில் ஏன் நகமில்லை என்பது அவருக்குத் தெரியும். தலைமையாசிரியை ஏன் மாடிப்படியில் வலது ஓரமாகவே ஏறுகிறார் என்பதும் தெரியும். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காதுக்குள் போனது எதுவும் வாய் வழியாக வெளியே வந்ததில்லை. நானும் எவ்வளவோ வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். "அது எதுக்கு டீச்சர் உங்களுக்கு?" என்பார். ஊரையே குடைகிற ஆள் என்னைக் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். நாங்கள் பொடிசு என்று கூப்பிடுவோம். அப்பா இறந்துவிட்டார், அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டார், சித்தப்பாதான் வளர்க்கிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக், இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை. அவர் பின்னிவிடும் இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலே தொடங்கும், இன்னொன்று கழுத்துக்குப் பக்கத்தில். அதைப் பற்றி யாராவது சிரித்தால் பொடிசு அடிக்கப் போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணியானால் போதும், இவளுக்கு டாண் என்று வயிறு வலிக்கும். நான் அலுவலகத்துக்கு அனுப்புவேன், அக்கா போன் செய்வார், சித்தப்பா அடித்துப் பிடித்து வந்து அழைத்துப் போவார். இப்படிப் பத்து வாரம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். செவ்வாய்தான் கணக்குப் பரீட்சை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது சுத்த நடிப்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

சித்தப்பாவைக் கூப்பிட்டு, "உங்களால தனியா சமாளிக்க முடியல தம்பி. ஹாஸ்டல்ல விட்டுடுங்க. ஒழுங்கு வரும்" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர்."

ஹாஸ்டல் படிவத்தில் நானே பரிந்துரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். படிவம் அக்காவின் மேஜைக்குப் போய், அங்கேயே மாட்டிக்கொண்டது.

"அதென்ன டீச்சர், செவ்வாய்க்கிழமை மட்டும்?" என்றார் அக்கா.

"கணக்குப் பரீட்சைதான்க்கா. பயந்து நடிக்கறா."

"போன மாசம் பரீட்சைய வியாழனுக்கு மாத்தினீங்களே. அப்பவும் செவ்வாய்தான வலிச்சுது?"

எனக்குச் சுருக்கென்றது. "அதுக்கு நான் என்னக்கா பண்ணட்டும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லன்னா தலை வெடிச்சிடும்."

அடுத்த செவ்வாயும் பத்து மணிக்கு வலி வந்தது. இந்த முறை நானும் கூடவே போனேன். அக்கா எண்ணை அழுத்தினார். பொடிசின் கை வயிற்றிலேயே இல்லை. கண் கொட்டாமல் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துட்டாரா?" என்றாள். அக்கா ரிசீவரை அவள் காதில் வைத்தார்.

"சித்தப்பா, வீட்லதான் இருக்கீங்களா? ம். சரி." அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டாள்.

"வயிறு எப்படி இருக்கு?"

"பரவால்ல. கிளாஸுக்குப் போகட்டா?"

அவள் போனதும் அக்கா மறுபடி போன் செய்து சித்தப்பாவை வரச் சொன்னார். அவர் வந்ததும் வராததுமாக, "எங்க கையெழுத்துப் போடணும்க்கா?" என்று பேனாவை எடுத்தார்.

"இருங்க தம்பி, என்ன அவசரம்? செவ்வாய்க்கிழமை உங்களுக்கு என்ன?"

"வார லீவு."

"மத்த நாள்?"

"டூட்டி. எந்த பில்டிங்னு காலைல அவகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்புவேன். தினமும் கேப்பா."

"அவங்கம்மா போனாங்களே, அன்னிக்கு என்ன நடந்துது?"

எனக்கு உடம்பு கூசியது. "அக்கா, போதும்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சித்தப்பா பேனாவை மூடினார். "அன்னிக்கு அண்ணிக்கு லீவுக்கா. வீட்லதான் இருக்கேன்னு சொல்லித்தான் இவள அனுப்பிவெச்சாங்க. சாயங்காலம் இவ வந்து பாத்தா, கதவு பூட்டியிருக்கு."

லீவில் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள் என்று அந்தக் குழந்தை புரிந்துவைத்திருக்கிறது. அவளைப் போய் ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதுவும் என் கையால் எழுதி. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. படிவத்தை எடுத்து நானே கிழித்துப் போட்டேன்.

அக்காவின் கண் சித்தப்பாவின் விரலில் தொங்கிய வண்டிச் சாவியில் நின்றது. "தம்பி, அடுத்த செவ்வாய் வண்டியிலயே கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்திடுங்க. சாவிய என்கிட்ட குடுத்துட்டு நடந்து போங்க."

அடுத்த வாரம் அப்படியே நடந்தது. சாவி அக்காவின் மேஜை இழுப்பறைக்குள் போனது. "சாவி இங்க, வண்டி அங்க. உங்க சித்தப்பா எங்கடி போயிடுவாரு?" என்றார் அக்கா.

பொடிசு யோசித்தாள். "பஸ்ல போகலாமே?"

அக்காவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தன்னைப் போலவே குடைகிற ஆள் ஒன்று கிடைத்துவிட்டதல்லவா! "அதானே! அப்ப பர்ஸையும் வாங்கி வெச்சிக்கலாமா?"

சித்தப்பா உடனே பர்ஸை எடுத்து நீட்டினார்.

"ஐயோ, வேணாம். அவரு டீ குடிக்கணும்" என்றாள்.

அதிலிருந்து செவ்வாய் பத்து மணிக்கு வந்து, இழுப்பறையைத் திறந்து, சாவியைப் பார்த்து, மூடிவிட்டு ஓடுவாள். வயிற்றுவலி வரவில்லை. சித்தப்பா வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடந்து போய், பள்ளி விடும் மூன்றரைக்கு நாலு கிலோமீட்டர் நடந்து வருவார். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

ஒன்பதாவது செவ்வாய், காலையிலேயே வெயில் கொளுத்தியது. சித்தப்பா சாவியைக் கொடுத்தார். அக்கா இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பொடிசு சாவியைப் பார்த்தாள், சித்தப்பாவின் குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள். பிறகு சாவியை அவர் கையிலேயே திணித்தாள்.

"வெயிலா இருக்கு சித்தப்பா. வண்டியிலயே போங்க."

"ஏன்டி, இன்னிக்குச் சாவி வேணாமா?" என்றார் அக்கா.

"வேணாம். அவரு வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

சித்தப்பா வாசலுக்குப் போவதற்கு முன்பே, அறைக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உள்ளயே எதுக்கு டீச்சர் கண்ணாடிய இறக்கறாரு?" என்று அக்கா என் காதைக் கடித்தார்.

"அது எதுக்குக்கா உங்களுக்கு?" என்றேன். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மூன்று இருபதுக்கே வண்டி வந்து நின்றது.