தாளிப்பு நேரத்து டெல்லிக் காற்று

பதினொன்றாம் வகுப்பு கோடை விடுமுறையில் நான் விஞ்ஞானி ஆனேன். ஆக்கியவர் அப்பா. அவருடைய அமைச்சகத்தில் பக்கத்து மேஜைக்காரரின் மைத்துனர் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். டெல்லியில் அறிவியல் இப்படித்தான் வளர்கிறது. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் சர்டிபிகேட் தருவார்கள், அதைக் காட்டினால் நல்ல காலேஜில் இடம் கிடைக்கும் என்று எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்க அப்பா சொல்லிவிட்டார். அந்தக் காகிதம் இல்லாமல் நான் வீடு திரும்பினால் அவர் எந்த முகத்தோடு காய்கறி வாங்கப் போவார்?

ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. ஏசி அறையில் உட்கார்ந்து, அந்த மைத்துனர் சார் கூப்பிட்டால் டீ சொல்லிவிட்டு வர வேண்டும். ஒருவழியாகச் சாருக்கு மனம் இரங்கி, காற்றில் உள்ள தூசியை அளக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வெளியே வைத்து, தினமும் அளவைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்.

பால்கனியில் வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். எங்கள் பேட்டைக் குரங்குகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் மேல் தனி ஆசை. அதனால் சமையலறை ஜன்னல் கம்பியின் வெளிப்பக்கம் கட்டினேன். பிளக் பாயின்ட்டும் பக்கத்தில் இருந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தினமும் காலையில் தூசி அளவு ஜிவ்வென்று ஏறி இறங்கியது. சார் பூரித்துப் போனார். "தேக்கோ பேட்டா, ஆபீஸ் டிராஃபிக்!" என்றார், 'பாரம்மா' என்று ஹிந்தியில். ஆபீஸ் போகிற வண்டிகள்தான் காரணம் என்று நானும் நம்பினேன்.

கடைசி நாள் பெரிய கூட்டம். பெற்றோரும் வந்திருந்தார்கள். அம்மா பட்டுப்புடவையில், முதல் வரிசையில். நான் தூசி அளவின் வரைபடத்தைத் திரையில் காட்டி டிராஃபிக்கைத் திட்டித் தீர்த்தேன். ஆய்வுக்கூடத் தலைவி, நரைத்த கிராப்புக்காரி, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை. அன்றைக்குத்தான் அதிகமாக ஏறியிருக்கிறது. ஏன்?"

சார் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு. மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டால் பக்கத்து வீட்டு சர்தார்ஜி வரைக்கும் தும்முவார்.

"மேடம், அது டிராஃபிக் இல்லை. எங்கம்மா தாளிப்பு."

அரங்கமே சிரித்தது. எல்லோரையும்விட அம்மாதான் அதிகம் சிரித்தாள். சாரின் முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

தலைவி சிரிக்கவில்லை. "அச்சா. பெட்டி ஜன்னலுக்கு வெளியே. உன் அம்மா உள்ளே. அங்கே எவ்வளவு?"

தெரியாது என்றேன். அதை அளந்துகொண்டு வந்தால்தான் சர்டிபிகேட் என்று சார் முந்திக்கொண்டார். தப்பித்தோம் என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலை பெட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அம்மா வாணலியில் எண்ணெய் ஊற்றி, கடுகு வெடித்ததும் மிளகாயைப் போட்டாள். எண்கள் ஏறத் தொடங்கின. வெளியே வந்த அளவெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அம்மா முகத்தைத் திருப்பி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரண்டியை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் தினமும் இப்படித்தான் நிற்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பயமாக இருந்தது.

"ஏண்டி, எவ்வளவு வந்தா சர்டிபிகேட் தருவான்?" என்று கேட்டாள். "பத்தலைன்னா சொல்லு, இன்னும் நாலு மிளகாய் போடறேன்."

கேஸை அணைத்தேன். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"போதும்மா. ஜல்தி வெளியில வா."

"அளந்து முடிச்சுக்கோடி," என்று இருமிக்கொண்டே மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள் அம்மா. "நான் நிக்கறேன்."