என் கண்ணும் ஓர்ப்படி வீட்டுக் கேழ்வரகு அடையும்

பையனுக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளை வந்தாலே போராட்டம்தான். நாற்பதைத் தாண்டிப் பெற்ற பிள்ளை. இரண்டு வயது முடிந்தும் பால் பாட்டிலை விடவில்லை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பை மட்டும் நக்குவான். பாலிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது, அதைக் குறைத்துவிட்டுக் கீரை, பருப்பு, மீன் கொடுங்கள் என்றார் மருத்துவர். நான் வேதியியல் படித்தவள். கீரையிலிருக்கும் இரும்பு உடம்பில் ஒட்ட எலுமிச்சைச் சாறு உதவும் என்பது வரை தெரியும். அவன் வாயை எப்படித் திறக்க வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

பிள்ளை சாப்பிடுவதை அடுத்தவர் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதெல்லாம் நம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டே, நானும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவனுக்கு ஊட்டினேன்.

என் கொழுந்தனாரின் மனைவி, என் ஓர்ப்படி, திருவிடந்தையில் இருக்கிறாள். அவள் மகள் என் மகனைவிடச் சின்னவள். போன மாதம் அங்கே போயிருந்தபோது, அந்தக் குழந்தை கூடத்தின் நடுவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையைத் தானே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தொட்டுக்கொள்ள நெத்திலிக் குழம்பு. உதடெல்லாம் குழம்பு. கன்னம் இரண்டும் ஆப்பம் மாதிரி உப்பியிருந்தன. என் மடியில் இருந்தவனின் கையைப் பார்த்தேன். முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

"இன்னாக்கா, இன்னும் பாட்டிலா? பசிச்சா தானா துன்னும், வுடு," என்றாள் ஓர்ப்படி.

அவளுக்குச் சொல்வது சுலபம். அந்தக் குழந்தை விழுங்கிய ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாயாவது அது துப்பக்கூடாதா என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வாரம் ஓர்ப்படி போன் செய்தாள். பாப்பாவுக்கு ஜுரம் வந்து இறங்கிவிட்டதாம்; ஆனால் எதையும் வாயில் வாங்குவதில்லையாம். "யாரு கண்ணு பட்டுச்சோக்கா," என்றாள், சும்மா பேச்சோடு பேச்சாக.

மறுநாளே பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓர்ப்படி குழந்தையை உட்கார வைத்து, உப்பு, கடுகு, காய்ந்த மிளகாயைக் கையில் மூடிச் சுற்றினாள். "ஊரு கண்ணு, உறவு கண்ணு," என்று அவள் முணுமுணுக்க, நான் தரையைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பில் போட்டாள். நெடி வந்தால் ஒன்றுமில்லை. வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

புகை எழுவதற்கு முன்பே நான் இருமினேன்.

ஓர்ப்படி திரும்பிப் பார்த்தாள். நல்லவேளையாக அதற்குள் நிஜமாகவே நெடி ஏறி, அவளும் இருமத் தொடங்கினாள். "கண்ணு இல்லக்கா, வெறும் ஜுரந்தான்," என்று கண்ணைத் துடைத்தவள், அடைத் தட்டை என்னிடம் நீட்டினாள். "என் கையால வேணாங்குது. நீ ஊட்டிப் பாரேன்."

கூடத்தில், கதவெல்லாம் திறந்திருக்க, அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். அடை மேல் நாலு சொட்டு எலுமிச்சையைப் பிழிந்து, சின்னதாகப் பிய்த்து நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டது. இரண்டாவது வாயைக் கொண்டுபோனபோது, மூலையில் பாட்டிலோடு கிடந்த என் மகன் எழுந்து ஓடி வந்தான். அவளை என் மடியிலிருந்து இழுத்துத் தள்ளப் பார்த்தான், முடியவில்லை. என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, அழுதுகொண்டே வாயைத் திறந்தான்.

வைத்தேன். மென்றான். கீரையோடு விழுங்கினான். அடுத்த வாய் அவளுக்குப் போய்விடுமோ என்று மறுபடியும் திறந்தான்.

"இன்னா பொறாம கீது பாருக்கா இதுக்கு," என்று சிரித்தாள் ஓர்ப்படி. "யாரு மாரியோ."

நான் தலை நிமிராமல் அடுத்த துண்டைப் பிய்த்தேன்.