தந்தையின் தொழில்: மாலுமி

மகளை ஓசூரில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன வருஷம், ஒரு பாரத்தை நிரப்ப எனக்கு மூன்று நாள் ஆனது. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் 'கம்பெனி' என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர்தான். பிறகு பம்பாய் ஏஜென்ட் ஒருவர் மூலம் சரக்குக் கப்பல் இஞ்சினுக்கு ஃபிட்டராகப் போனார். கெலமங்கலத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, கடலை அதுவரை பார்த்ததில்லை. மாதம் ஒன்று வந்துகொண்டிருந்த கடிதம் எட்டு மாதமாக வரவில்லை. ஏஜென்ட் விலாசத்துக்கு நான் போட்டவையும் திரும்பி வந்தன.

பள்ளிக்கூடத்து கிளார்க் நாகப்பட்டினத்துக்காரர். கப்பலில் வேலை என்றதும் 'மாலுமி' என்று எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை. எங்கள் பக்கம் யார் வாயிலும் வராத சொல்லை என் புருஷன் பேருக்குக் கீழே எப்படி எழுதுவது? பாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவுக்கு ஹடகு என்றால் கப்பல் என்று தெரிந்தது. அதில் வேலை செய்கிறவனுக்கு என்ன பேர் என்று கேட்டால் விழித்தார். மாமியாரோ, பழைய கம்பெனியையே எழுதித் தொலை என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினேன். மாலுமி தமிழ்ச் சொல்லே இல்லையாம். அரபியில் முஅல்லிம் என்றால் கற்றுக்கொடுப்பவர். கப்பலுக்கு வழி காட்டுகிறவரையும் அப்படித்தான் அழைத்தார்களாம். அது இங்கே வந்து மாலுமியாகி, கப்பலில் இருக்கிற எல்லோருக்கும் பேராகிவிட்டது. எனக்குக் குழப்பம் கூடித்தான் போனது. கிருஷ்ணகிரிக்குப் போனாலே பஸ் ஸ்டாண்டில் நாலு பேரிடம் வழி கேட்கிற மனுஷர் அவர். அவரா வழிகாட்டி? நட்டு முடுக்கப் போனவருக்கு இந்தப் பேரை எழுதினால் பொய்யாகாதா? எழுதாவிட்டால் அவர் யார்? அகராதியை மூடும்போது அழுகை வந்தது. எதற்கென்று எனக்கே பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் மாலுமி என்றே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கி, கடைசிக்கு முந்தின வரியில் நின்றார்.

'தந்தை உயிருடன் உள்ளார் / இல்லை. தேவையற்றதை அடிக்கவும்.'

இரண்டில் எதையும் நான் அடிக்கவில்லை. மூன்று நாளும் அந்த வரியைப் பார்க்காமல் இருக்கத்தான் மேல் கட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அவர் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"எதை அடிக்கறதுன்னு தெரியலைங்க சார். எட்டு மாசமா கடுதாசி இல்லைங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாலுமின்னு எழுதியிருக்கீங்கல்லம்மா. வேலை இருக்குன்னா ஆளும் இருக்காருன்னுதான் அர்த்தம்," என்று சொல்லி, 'இல்லை'யின் மேல் ஒரு கோடு போட்டார்.

அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் அந்த எட்டு மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.