மாற்று வீரன்

ஜிம்னாஸ்டிக்ஸில், ஒற்றைக் கம்பியில் சுழல்வதில் குசாகாபே ரியோஹெயை மிஞ்ச ஜப்பானில் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் தேசிய அணியில் பல ஆண்டுகளாக அவன் மாற்று வீரன்தான். அணியோடு பயணம் போவான், காலையில் எல்லோருடனும் பயிற்சி செய்வான், போட்டி தொடங்கியதும் பார்வையாளர் வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்வான். அணி வென்றால் கைதட்டுவான். விருந்தில் பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவான்.

ஹிரோஷிமாவில் நடந்த ஆசியப் போட்டியில், களமிறங்கும் முன் ஹயாசேக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அணியில் அவன்தான் இளையவன். பயிற்சியாளர் ரியோஹெயைப் பார்த்து, "நீ எறங்குப்பா" என்றார்.

அவன் கம்பியில் சுழன்றான், காற்றில் கையை விட்டு மறுபடி பிடித்தான், குதித்து அசையாமல் நின்றான். அணிக்குத் தங்கம் கிடைத்தது. தோழர்கள் அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அப்போதுதான் மேல் வரிசையில், கட்டுப்போட்ட கையால் தட்ட முடியாமல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்த ஹயாசே அவன் கண்ணில் பட்டான்.

ரியோஹெய் விருந்துக்குப் போகவில்லை. சோற்றுருண்டைகள் வாங்கிக்கொண்டு ஹயாசேயின் அறைக்குப் போனான்.

"என்னண்ணே, அங்க எல்லாரும் ஒங்களத் தேட மாட்டாங்களா?"

"தேடட்டும். நீ சாப்பிட்டிருக்க மாட்டேன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"இத்தன வருஷத்துல எனக்கும் சோறு எறங்குனதில்லடா."

ஹயாசே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரியோஹெய் உறையைப் பிரித்து அவன் நல்ல கையில் உருண்டையை வைத்தான். இருவரும் தின்றார்கள்.

அடுத்த ஆண்டு ஹயாசேயின் மணிக்கட்டு குணமாகிவிட்டது. ரியோஹெய்க்கு அதன்பின் களமிறங்க அழைப்பு வரவில்லை.